மருந்துக் காசைக் காப்புறுதி தருமா? திருமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனன்குடாப் பக்கம் ஒரு தொழிற்சாலைக் கந்தோரில் பதினொரு வருடம் ஊழியர்களின் மருத்துவக் காப்புறுதிக் கோப்புகளை நான்தான் பார்த்து வந்தேன். வேலையை விட்டாயிற்று, கேள்விகள் மட்டும் விட்டபாடில்லை. உவர்மலையில் எங்கள் வீட்டுக் கேற்றை யாராவது தட்டினால், கையில் பார்மசிப் பையும் கசங்கிய பில்லும் இருக்கும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன். ஒவ்வொரு காப்புறுதிப் பத்திரமும் ஒவ்வொரு மாதிரி. ஆகவே உங்கள் பத்திரத்தையும் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

காப்புறுதி இருக்கிறது. மாதாமாதம் போடும் குளிசைக்குக் காசு வருமா?

பெரும்பாலும் வராது. கேட்டவுடன் பலருக்கு முகம் மாறிவிடும், ஆனால் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நம் நாட்டில் விற்கப்படும் மருத்துவக் காப்புறுதிகளில் பெரும்பாலானவை வைத்தியசாலையில் தங்கிச் செய்யும் சிகிச்சைக்கானவை. அறைக் கட்டணம், ஒப்பரேஷன், ஏற்றிய சேலைன், வார்டில் தந்த மருந்து எல்லாம் அதற்குள் அடங்கும். டொக்டரைச் சனல் பண்ணிப் பார்த்துவிட்டு, துண்டோடு பார்மசிக்குப் போய் வாங்கும் மருந்து 'வெளிநோயாளர்' என்ற தனிப் பிரிவுக்குள் வரும். எல்லோரும் ஓபிடி என்று சொல்வது அதைத்தான். அந்தப் பிரிவைக் கூடுதல் பணம் கட்டிச் சேர்த்திருந்தால்தான் உண்டு. சேர்க்காவிட்டால், பிரஷருக்கு இருபது வருடம் குளிசை போட்டாலும் ஒரு சதம் வராது, அதே பிரஷரால் ஒரு இரவு வார்டில் படுத்தால் வரும். காப்புறுதிக்காரர் நோயைப் பார்ப்பதில்லை, கட்டிலைப் பார்க்கிறார் என்று கந்தோரில் பகிடியாகச் சொல்வோம்.

என் பத்திரத்தில் ஓபிடி இருக்கிறதா என்று எங்கே பார்ப்பது?

ஏஜன்ட் தந்த வண்ணத் துண்டுப்பிரசுரத்தில் தேடாதீர்கள். பத்திரத்தோடு நன்மைகள் அட்டவணை என்று ஒரு தாள் இருக்கும், எதற்கு எவ்வளவு என்று வரிவரியாகப் போட்டிருப்பார்கள். கொம்பனி எடுத்துத் தந்த குழுக் காப்புறுதி என்றால் பத்திரம் உங்கள் கையில் இருக்காது, மனிதவளப் பிரிவில் அட்டவணையின் கொப்பி ஒன்று கேட்டு வாங்குங்கள்.

அதில் ஓபிடி வரியைக் கண்டுபிடித்தாலும் அதோடு நிற்கக்கூடாது. வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு? அது ஆளுக்கா, குடும்பம் முழுவதற்குமா? பில்லில் முழுத் தொகையா, 80 வீதமா? ஒரு தடவைக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு உண்டா? டொக்டர் கட்டணமும் பரிசோதனைக் காசும் அதே தொகைக்குள்தான் கழியுமா? கடைசிக் கேள்விதான் ஆட்களைக் கவிழ்ப்பது. 20,000 ரூபா மருந்துக்கு இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள், இரண்டு ஸ்கேனிலேயே அது முடிந்திருக்கும்.

4,860 ரூபாவுக்கு மருந்து வாங்கினேன். 2,968 ரூபாதான் வந்தது. ஏன்?

இப்படி ஒரு கணக்கோடு வந்த ஒருவரோடு முற்றத்தில் உட்கார்ந்து பில்லை வரிவரியாகப் பார்த்தோம். நுண்ணுயிர்க்கொல்லி, வயிற்றுக்கு ஒரு குளிசை, இருமல் பாணி, கடைசி வரியில் 1,150 ரூபாவுக்கு ஒரு விட்டமின் போத்தல். டொக்டர் எழுதியதுதான், ஆனால் அவருடைய பத்திரம் விட்டமினுக்குப் பணம் தராது. அதைக் கழித்தால் 3,710. பத்திரம் தருவது 80 வீதம், ஆகவே 2,968. மிச்சம் 1,892 அவருடைய கையிலிருந்து போனது.

கொம்பனி ஏமாற்றவில்லை, ஆனால் விளங்கப்படுத்தவும் இல்லை. வந்தது 'தீர்க்கப்பட்டது' என்று ஒரு குறுஞ்செய்தி மட்டும்தான். இப்படிக் குறைந்து வந்தால் எந்த வரியை வெட்டினார்கள் என்ற விபரத்தைக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. சில வேளை உண்மையிலேயே தவறுதலாக வெட்டியிருப்பார்கள்.

கிளெய்முக்கு என்னென்ன கடதாசி வேண்டும்?

நான்கு விஷயம்: நிரப்பிய படிவம், டொக்டரின் துண்டு, பணம் கட்டிய மூலப் பில், வார்டில் இருந்திருந்தால் வீட்டுக்கு விடும்போது நோயையும் சிகிச்சையையும் எழுதித் தரும் டயக்னோசிஸ் காட். சொல்லும்போது சுலபம்தான். நான் பார்த்த காலத்தில் திரும்பி வந்த கோப்புகளில் பெரும்பாலானவை நோயால் திரும்பவில்லை, கடதாசியால் திரும்பின.

முதல் பிரச்சினை பில். அவசரத்தில் சில பார்மசிகளில் 'மருந்து வகை – 4,860' என்று ஒரே வரியில் எழுதித் தந்துவிடுவார்கள். அது செல்லாது. மருந்தின் பெயர், எண்ணிக்கை, ஒவ்வொன்றின் விலை, நோயாளியின் பெயர், திகதி, கடையின் முத்திரை எல்லாம் வேண்டும். பணம் கொடுக்கும் முன்பே, "தம்பி, இது கிளெய்முக்கு, விபரமாகப் பில் போட்டுத் தாங்கோ" என்று சொல்லிவிடுங்கள். பின்னால் வரிசை நின்றாலும் பரவாயில்லை. அடுத்த நாள் திரும்பி வந்து கேட்டால் அந்தத் தம்பி லீவில் இருப்பார்.

அடுத்தது பெயர். மகள் போய் வாங்கினால் மகளின் பெயரில் பில், துண்டு அம்மாவின் பெயரில். இரண்டும் பொருந்தாது. என் சொந்தக் கதையே இதுதான். என் அப்பாவின் துண்டில் அவருடைய பெயர் முழுதாக இருந்தது, பில்லில் பார்மசிக்காரர் வெறும் 'ஐயா' என்று எழுதியிருந்தார். மற்றவர்களின் கோப்புகளை வருடக்கணக்காகத் திருத்திக் கொடுத்த நானே அதைப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது. கந்தோரில் இரண்டு நாள் சிரித்தார்கள்.

பிறகு நம் ஊர் வெயில். கணினிப் பில் பெரும்பாலும் வெப்பத்தாளில் அடிக்கப்படுகிறது. மோட்டார் சைக்கிள் சீற்றுக்கு அடியில் இரண்டு நாள் கிடந்தால் தாள் கறுத்துவிடும், பிளாஸ்டிக் உறைக்குள் மாதக்கணக்கில் வைத்தால் எழுத்து மங்கிவிடும். வாங்கிய அன்றே போனில் படம் எடுங்கள், ஒரு போட்டோ கொப்பியும் எடுத்து மூலப் பில்லோடு சேர்த்துக் குத்துங்கள்.

கால எல்லையையும் மறக்காதீர்கள். சில பத்திரங்களில் 30 நாள், சிலவற்றில் 60, 90. நாள் எண்ணுவது பில் திகதியிலிருந்தா, வைத்தியசாலையை விட்டு வந்த நாளிலிருந்தா என்பதையும் பாருங்கள். மூதூரிலோ கிண்ணியாவிலோ இருந்து எல்லாப் பில்லையும் சேர்த்து ஒரேயடியாகக் கொடுப்போம் என்று வைத்திருந்தவர்களுக்கு முதல் பில் காலாவதியான கதைகள் நிறைய உண்டு.

கிளினிக்கில் மருந்து முடிந்துவிட்டது, வெளியில் வாங்கச் சொன்னார்கள். அதற்கு கிளெய்ம் பண்ணலாமா?

ஓபிடி இருந்தால் பண்ணலாம். இல்லாவிட்டால் இல்லை. அரச வைத்தியசாலையில் எழுதித் தந்தது என்பதால் காப்புறுதிக்காரர் அதைக் குறைவாக நினைப்பதில்லை, ஆனால் துண்டு சரியாக இருக்க வேண்டும். கூட்டமான கிளினிக் நாளில் சின்னக் கடதாசித் துண்டில் மருந்தின் பெயரை மட்டும் எழுதித் தந்துவிடுவதுண்டு. நோயாளியின் பெயர், திகதி, கையொப்பம், முத்திரை ஆகியவற்றை அங்கேயே கேட்டு வாங்குங்கள். கிளினிக் கொப்பியில் அதே நாளில் அதே மருந்து பதிவாகியிருந்தால் அந்தப் பக்கத்தையும் கொப்பி எடுத்துச் சேர்க்கலாம்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாட்டைப் பார்த்த பிறகு, கிளினிக்கை விட்டுவிட்டு முழுக்கத் தனியாருக்கு மாறியவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். வசதி இருந்தால் சரி. ஆனால் சீனி வருத்தம், பிரஷர், கொலஸ்ட்ரோல் போன்ற ஆயுள் முழுவதும் மருந்து போடும் நோய்களுக்கு நம்மிடம் இருக்கும் மிகப் பெரிய காப்புறுதி அந்தக் கிளினிக் கொப்பிதான். மாவட்டப் பொது வைத்தியசாலையிலும் கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆதார வைத்தியசாலைகளிலும் பணம் கட்டாமல் மருந்து கிடைக்கிறது. விடியப் போய் நம்பர் எடுப்பது அலுப்புத்தான், மறுக்கவில்லை. ஆனாலும் மாதக் குளிசையைக் கிளினிக்கில் எடுத்து, அங்கே கிடைக்காததற்கும் திடீர்க் காய்ச்சலுக்கும் மட்டும் ஓபிடித் தொகையைச் செலவழிப்பவர்களுக்குத்தான் வருடக் கடைசி வரை தொகை மிஞ்சுகிறது.

வார்டிலிருந்து வீட்டுக்கு வரும்போது தந்த மருந்துக்கு?

பல பத்திரங்களில், அனுமதிக்கப்பட்ட நோய்க்காக, துண்டு வெட்டி வீட்டுக்கு விடும்போது எழுதித் தரும் மருந்து, தங்கிய சிகிச்சையின் தொடர்ச்சியாக எடுக்கப்படும். சிலவற்றில் வீடு வந்து குறிப்பிட்ட நாட்கள் வரையிலான மருந்தும் சேரும். எத்தனை நாள் என்பது பத்திரத்தில் இருக்கும்.

கொழும்பில் தனியார் வைத்தியசாலையில் காப்புறுதிக்காரர் நேரடியாகப் பணம் கட்டும் வசதி இருந்தால் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டுக்கான மருந்தையும் அங்குள்ள பார்மசியிலேயே எடுத்து, அதே பில்லில் போடச் சொல்லுங்கள். இரவு மெயில் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் "ஊருக்குப் போய் வாங்குவம்" என்று கிளம்பிவிட்டால், திருமலையில் வாங்கிய அந்தப் பில்லுக்குத் தனிக் கோப்பு, தனிப் படிவம், தனி இழுபறி. அரச வைத்தியசாலையில் தங்கினாலும் ஒரு நாளுக்கு இவ்வளவு என்று பணம் தரும் பத்திரங்கள் உண்டு. மருந்துப் பில் இல்லாமலே கிடைக்கும் அந்தக் காசைப் பலர் கேட்பதே இல்லை.

ஏற்கனவே சீனி வருத்தம் இருக்கிறது. சொல்லாமல் காப்புறுதி எடுத்தால் என்ன?

வேண்டாம். ஏஜன்ட் "அண்ணை, அதைப் போடாதேங்கோ, பிரீமியம் கூடும்" என்று சொன்னாலும் வேண்டாம். கையொப்பம் வைப்பது ஏஜன்ட் இல்லை, நீங்கள்.

காப்புறுதி ஒப்பந்தத்தில் தெரிந்ததை மறைத்தால், பிறகு கோரிக்கையை மறுப்பதற்கும் பத்திரத்தையே செல்லாது என்பதற்கும் அதுவே காரணமாகிவிடும். மறைக்கவும் முடியாது. பெரிய கோரிக்கை என்றால் பழைய மருத்துவப் பதிவுகளைக் கேட்பார்கள். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் நீங்கள் எந்த வருடம், எந்த மாதம் மெட்ஃபோர்மின் தொடங்கினீர்கள் என்று நீல மையில் எழுதியிருக்கும். பத்திரத்தின் திகதி அதற்குப் பிந்தியது என்றால் கதை முடிந்தது.

உண்மையைச் சொன்னால் மூன்றில் ஒன்று நடக்கும். பிரீமியத்தைக் கூட்டுவார்கள், அல்லது அந்த நோய்க்குக் குறிப்பிட்ட காலம் காத்திருக்கச் சொல்வார்கள், அல்லது அதை மட்டும் விலக்கிவிட்டு மற்றவற்றுக்குப் பத்திரம் தருவார்கள். எதுவானாலும் எழுத்தில் வாங்குங்கள். வேலையிடக் குழுக் காப்புறுதிகளில் இந்தக் கட்டுப்பாடு சில வேளை தளர்வாக இருக்கும். அதனால் வேலை மாறும்போது சம்பளத்தை மட்டும் ஒப்பிடாதீர்கள்.

டொக்டர் எழுதிய பிராண்ட் இல்லை, வேறு கொம்பனி மருந்து தந்தார்கள். கிளெய்ம் போகுமா?

மருந்தின் பொதுப்பெயரும், அதாவது கொம்பனி வைத்த பெயரல்ல, மருந்துக்கே உரிய பெயரும், அளவும் ஒன்றானால் பொதுவாகப் பிரச்சினை இல்லை. சிக்கல் எங்கே வருகிறதென்றால், துண்டில் ஒரு பிராண்ட் பெயர், பில்லில் வேறு பிராண்ட் பெயர் இருக்கும். கோப்பைப் பார்க்கும் ஆளுக்கு இரண்டும் ஒரே மருந்து என்று தெரியாவிட்டால் வெட்டிவிடுவார். பார்மசியில் பில்லிலேயே பொதுப்பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள், உதாரணமாக லோசாட்டன் 50 மில்லிகிராம் என்று. டொக்டரும் துண்டில் பொதுப்பெயரை எழுத வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டத்திலேயே இருக்கிறது. நடைமுறையில் எல்லோரும் எழுதுவதில்லை.

ஓபிடித் தொகை சின்னதாக இருந்தால், விலை குறைந்த மருந்து கேட்பதில் வெட்கம் எதற்கு? பேராசிரியர் சேனக பிபிலே இதற்காகத்தான் பாடுபட்டார். 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர், பிராண்டுக்குக் காசைக் கொட்டாமல் பொதுப்பெயரில் மருந்து வாங்கும் பழக்கம் அவர் காலத்தில் வேரூன்றியது. ஒசுசலக் கடைகள் அந்தக் கூட்டுத்தாபனத்தினுடையவை. 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு அரசு உச்ச விலை விதித்தது. பெட்டியில் அச்சிட்ட உச்ச விலைக்கு மேல் போட்டிருந்தால் அதைக் காட்டிக் கேளுங்கள்.

விட்டமின், பால்மா, கஷாயம்?

பெரும்பாலான பத்திரங்களில் இல்லை. சத்துமா, முகக் கிரீம், தலைமுடி மருந்து, பல்பசை, கருத்தடை மருந்து, குழந்தைப் பேற்றுச் சிகிச்சை மருந்து என்று விலக்குப் பட்டியல் நீளும். ஆயுர்வேத, சித்த மருந்துகளுக்குச் சில பத்திரங்கள் சிறு தொகை தருகின்றன, அதற்கும் பதிவுபெற்ற வைத்தியரின் துண்டு வேண்டும். கன்னியா வெந்நீரூற்றில் குளித்து முழங்கால் சுகமானவர்கள் உண்டு, அதற்குப் பில் தர ஆளில்லை.

அரச உத்தியோகம். அக்ரஹார மருந்துக்குக் காசு தருமா?

அரச ஊழியருக்கான மருத்துவக் காப்புறுதியான அக்ரஹாரவை நடத்துவது 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கைப் பொறுப்பு நிதியம். சம்பளத்திலிருந்து மாதாமாதம் கழிகிறது, துணைவரும் பிள்ளைகளும் அதற்குள் அடங்குவார்கள். அதன் நன்மைகளும் பெரும்பாலும் வைத்தியசாலையில் தங்குவதையும் ஒப்பரேஷனையும் சுற்றியவை. சாதாரண, வெள்ளி, தங்கம் என்று திட்டங்கள் இருப்பதால் நீங்கள் எதில் இருக்கிறீர்கள் என்பதைச் சம்பளச் சீட்டைப் பார்த்து முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எத்தனையோ ஆசிரியர்களுக்குத் தாங்கள் எந்தத் திட்டத்தில் இருக்கிறோம் என்பதே தெரியாது. படிவம் கந்தோர்த் தலைவரின் கையொப்பத்தோடு போக வேண்டும். அவர் இடமாற்றத்தில் போகும் வாரத்தில் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

சென்னையில் காட்டிவிட்டு ஆறு மாத மருந்து வாங்கி வந்தோம். அந்தப் பில் செல்லுமா?

இலங்கைக்குள் மட்டும் என்று பத்திரத்தில் எல்லை போட்டிருந்தால் செல்லாது. வெளிநாட்டையும் சேர்த்த பத்திரங்கள் உண்டு, அவற்றிலும் பெரும்பாலும் முன்கூட்டியே அனுமதி கேட்டிருக்க வேண்டும். சொந்தக்காரர் பையில் கொண்டுவந்து தந்த மருந்துக்கு ஒன்றும் செய்ய முடியாது.

கனடாவில் மகனிடம் போகிறோம். அங்கே போய் மருந்து வாங்கினால்?

பிள்ளைகளிடம் நீண்ட காலம் தங்கப் போகும் பெற்றோருக்கான சூப்பர் விசாவுக்குக் குறைந்தது ஒரு இலட்சம் கனேடிய டொலருக்கு, ஒரு வருடக் காப்புறுதி எடுக்க வேண்டும். ஒரு இலட்சம் டொலர் என்றவுடன் மாதக் குளிசையும் அடங்கும் என்று நம்பி, வெறுங்கையோடு விமானம் ஏறியவர்களை எனக்குத் தெரியும். அது திடீர் வருத்தத்துக்கும் விபத்துக்கும் உரிய காப்புறுதி. வழமையான பிரஷர்க் குளிசை அதில் சேராது. அங்குள்ளவர்களுக்கே வைத்தியசாலைக்கு வெளியில் வாங்கும் மருந்து பொது மருத்துவத் திட்டத்தில் தானாக அடங்குவதில்லை, ஒவ்வொரு மாகாணமும் வயதுக்கும் வருமானத்துக்கும் ஏற்றபடி தனித்தனித் திட்டம் வைத்திருக்கிறது.

இன்னொரு பொறி இருக்கிறது. பழைய நோய் 'நிலையாக' இருந்தால்தான் பணம் தருவோம் என்று இந்தப் பத்திரங்களில் எழுதியிருப்பார்கள், புறப்படுவதற்கு முந்திய 90 நாள், 180 நாள் என்று. அந்த நாட்களுக்குள் குளிசையின் அளவு மாறினாலே, கூடினாலும் குறைந்தாலும், நிலையாக இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். பயணத்துக்கு முன் டொக்டரிடம் போகும்போது இதைச் சொல்லுங்கள். மருந்தை மாற்றுவதா இல்லையா என்பது அவர் முடிவு, காப்புறுதிக்காகத் தேவையான மாற்றத்தைத் தள்ளிப்போடக் கூடாது. மாற்றினால் காப்புறுதிக்காரருக்கும் அறிவியுங்கள்.

கோரிக்கையை மறுத்துவிட்டார்கள். எங்கே போவது?

முதலில் மறுப்பை எழுத்தில் கேளுங்கள், பத்திரத்தின் எந்த நிபந்தனையின்படி என்று. போனில் "வராது அக்கா" என்று சொன்னது மறுப்பு ஆகாது. தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். பிறகு கொம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு, எல்லாக் கடதாசியின் கொப்பியோடும் எழுதுங்கள். அதிலும் முடியாவிட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரி இருக்கிறார், 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் இருக்கிறது. ஏஜன்டோடு சண்டை போட்டுப் பிரயோசனம் இல்லை. விற்றவர் அவர், பணம் தருவது வேறு மேசை.

மருந்துச் செலவு இலட்சக்கணக்கில் வருகிறது. வேறு வழி உண்டா?

பாரதூரமான நோய்க் காப்புறுதி எடுத்திருந்தால், நோய் உறுதியானவுடன் ஒரு தொகையை மொத்தமாகத் தருவார்கள், மருந்துப் பில் கேட்க மாட்டார்கள். பழைய ஆயுள் காப்புறுதிப் பத்திரங்களோடு இது சேர்ந்து வந்திருக்கலாம், அலுமாரியைத் திறந்து பாருங்கள். காப்புறுதியே இல்லாதவர்களுக்கு ஜனாதிபதி நிதியம் குறிப்பிட்ட சில நோய்களுக்கு உதவுகிறது. முன்பு இதற்காகக் கொழும்புக்கு அலைய வேண்டியிருந்தது, 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

வருடம் முடியப் போகிறது, ஓபிடித் தொகை மிச்சம் இருக்கிறது. மருந்து வாங்கி வைக்கலாமா?

மிச்சம் பெரும்பாலும் அடுத்த வருடத்துக்குப் போகாது, அதனால் கடைசி மாதத்தில் பார்மசிகளில் ஒரு அவசரம் தெரியும். ஆனால் ஒரு தடவைக்கு 30 நாள் மருந்துக்கு மட்டும்தான் பணம் தரும் பத்திரங்கள் இருக்கின்றன, துண்டில் எழுதிய நாட்களுக்கு மேல் வாங்கினால் மிச்சத்தை வெட்டிவிடுவார்கள். மூன்று மாதத்துக்கு வேண்டுமென்றால் டொக்டரிடம் மூன்று மாதம் என்று எழுதி வாங்குங்கள். காலாவதித் திகதியையும் பாருங்கள். இன்சுலின் என்றால் இன்னும் யோசியுங்கள். திறக்காத இன்சுலின் குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும், உறைய விடவும் கூடாது. கரண்ட் போய் அரை நாள் வராமல் இருந்து, வாங்கி அடுக்கியதெல்லாம் கெட்டுப்போனால் அதற்கு எந்தப் பத்திரத்திலும் வரி கிடையாது.